கறுத்தப் பெட்டிக்குள் தங்கராசா மாமா

துறைமுக அதிகாரி குனிந்தார். கஞ்சி போட்ட அவருடைய வெள்ளைச் சேட்டு மொறமொறத்தது. மேசையில் சாய்த்து வைத்திருந்த என் பிரிஸ்டல் போட் மட்டையில் அவருடைய சுட்டுவிரல் வந்து தொட்டது.

எங்கள் பள்ளிக்கூடத்து விஞ்ஞானக் கண்காட்சி அது. அவர் பிரதம விருந்தினர். நான் உயர்தர வகுப்பு மாணவன். மத்தியானமே நடுவர்கள் வந்து பார்த்து, ‘முதற் பரிசு’ என்று எழுதிய மஞ்சள் அட்டையை என் படத்துக்கு முன்னால் வைத்துவிட்டுப் போயிருந்தார்கள்.

விரல் மேலேயுள்ள ஒரு கறுத்தப் பெட்டியில் தொடங்கி, கோட்டு வழியே இறங்கி, இன்னொரு கறுத்தப் பெட்டியில் நின்றது. அதன் கீழே நான் எழுதியிருந்ததை அதிகாரி வாய்விட்டு வாசித்தார்.

“திருவாளர் தங்கராசா, துறைமுக லாஞ்சி. காலஞ்சென்ற கதிரவேலுவின் பாசமிகு மருமகன். நிறக்குருடு.”

வாசித்து முடித்து, நிமிர்ந்து, என்னைப் பார்த்தார்.

“இது ஆர் தம்பி, இந்தத் தங்கராசா?”

நான் சொன்ன பதிலைச் சொல்வதற்கு முன்னால் அந்தக் கேள்வி எப்படி வந்தது என்று சொல்ல வேண்டும். அதற்கு டி.என்.ஏ.யிலிருந்து தொடங்க வேண்டும். வாசகர்கள் பயப்பட வேண்டாம். எனக்கே அது பாதிதான் விளங்கியது.

முப்பத்திரண்டு பேருக்கும் கண் பழுது

மாத் தட்டுப்பாட்டால் பாணுக்கு வரிசையில் நின்ற காலம். விடியப் போய் வரிசையில் நின்று, அரை றாத்தல் பாணை வீட்டில் கொடுத்துவிட்டு, எங்கள் சல்லிக் கிராமத்திலிருந்து பட்டணத்துப் பள்ளிக்கூடத்துக்குச் சைக்கிள் மிதிப்பேன். எங்கள் குடும்பத்தில் முதன்முதலாகச் சப்பாத்துப் போட்டவன் நான் என்று இரண்டு கிழமைக்கு முன் இந்தப் பத்தியில் எழுதியிருந்தேன். முதன்முதலாகப் பிறப்புரிமையியல் என்ற பரம்பரை விஞ்ஞானம் படித்தவனும் நான்தான். சப்பாத்துக் கடித்தது. இதுவும் கடித்தது.

நடேசன் மாஸ்டர் விலங்கியல் படிப்பித்தார். கரும்பலகையில் ஒரு பக்கம் டி.என்.ஏ. என்ற முறுக்கு ஏணியையும், மறுபக்கம் நிறமூர்த்தங்கள் எனப்படும் குரோமோசோம்களையும் கீறுவார். நிறமூர்த்தம் என்ற சொல்லை வீட்டில் நான் பாடமாக்கியபோது, “அது எந்தக் கோயில் மூர்த்தம் மோன்?” என்று அம்மா கேட்டார். உடலின் ஒவ்வொரு கலத்துக்குள்ளும் இருக்கிறது என்றேன். அம்மா கையெடுத்துக் கும்பிட்டார்.

ஒருநாள் நிறக்குருடு பாடம். சிவப்பும் பச்சையும் பிரித்தறிய முடியாத கண். சோதிப்பதற்கு ஒரு படம் பாடப்புத்தகத்தில் இருந்தது. புள்ளிகளுக்குள் ஓர் இலக்கம் ஒளிந்திருக்கும். நல்ல கண் உள்ளவனுக்குத் தெரியும், மற்றவனுக்குத் தெரியாது. ஆனால் எங்கள் புத்தகம் கறுப்பு மையில் மட்டும் அச்சானது. முப்பத்திரண்டு பேரும் உற்றுப் பார்த்தோம். ஒருவருக்கும் இலக்கம் தெரியவில்லை.

“சேர், வகுப்பு முழுக்கக் கண் பழுது. நீங்களும் ஒருக்காப் பாருங்கோ” என்றான் கிண்ணியா நசீர்.

மாஸ்டர் பார்த்தார். பிறகு புத்தகத்தை மூடிவிட்டு, கண்ணின் படம் கீறிப் பாகங்களைக் குறிக்கச் சொன்னார்.

அய்யா கண்ட பிழை

டி.என்.ஏ. படத்தில் ஒரு தகராறு. நான் கொப்பியில் கீறியதை அய்யா ஒருநாள் எட்டிப் பார்த்தார். அய்யாவுக்கு எழுத்துத் தெரியாது, கயிறு தெரியும். கரைவலைக் கயிற்றைக் கையால் தடவியே எத்தனை புரி, எந்தப் பக்கம் முறுக்கு என்று சொல்லுவார். பக்கத்தில் கிடந்த பாடப்புத்தகத்தையும் பார்த்தார்.

“இதில வலம் முறுக்கு. நீ கீறினது இடம் முறுக்கு. பிழையெல்லே?”

நான் கரும்பலகையைப் பார்த்துத்தான் கீறியிருந்தேன். அடுத்த நாள் இதைப் பணிவாக மாஸ்டரிடம் சொன்னேன்.

“ஆர் சொன்னது?”

“அய்யா, சேர்.”

“டி.என்.ஏ. என்ன, உங்கட அய்யாவின்ர வலைக்கயிறோ?”

அதற்குப் பிறகு அவர் கரும்பலகையில் கீறியதெல்லாம் வலம் முறுக்கு. ஆனால் அய்யாவின் பெயர் எங்கும் வரவில்லை.

மிளகாய் பிடுங்கத் தெரியாத மாமன்கள்

கண்காட்சிக்கு ஆளுக்கொரு பொருள் செய்ய வேண்டும் என்றார் மாஸ்டர். பலர் எரிமலை செய்யப் புறப்பட்டார்கள். எனக்கு அவர் வேறு வேலை தந்தார். “ஒரு குடும்பத்தில ஏதாவது ஒரு குறை எப்பிடி வழிவழியா வருது எண்டு கேட்டு எழுது. ஆண் பெட்டி, பெண் வட்டம். குறை உள்ளவனின்ர பெட்டிக்குக் கறுப்பு அடி. மெய்யான குடும்பமா இருக்கவேணும். கற்பனை பண்ணினியோ, கிழிச்சுப் போடுவன்.”

வீட்டில் கேட்டேன். குசினியில் அம்மா மீன் வெட்டிக்கொண்டிருந்தார்.

“நிறம் தெரியாத ஆக்கள் எங்கட பகுதியில ஆரும் இருக்கினமோ அம்மா?”

“ஏன் இல்லை? எங்கட கதிரவேலு மாமா. மிளகாய்ப் பழம் பிடுங்கிக்கொண்டு வா எண்டு விட்டா, பச்சையும் பழமும் ஒண்டாத்தான் கொண்டு வருவார். என்ர அம்மாவின்ர கூடப் பிறந்தவர். பாவம், மோசம் போயிட்டார்.” கத்தி நின்றது. “தங்கராசாவும் அப்பிடித்தான். ஆனா நீ வாயைத் திறந்திடாதை.”

தங்கராசா மாமா அம்மாவின் கடைசித் தம்பி.

“உனக்கு இல்லை” என்றார் அம்மா. “உன்னைச் சின்னனில மிளகாய் பிடுங்க விட்டுப் பாத்தனான். இது மாமனிட்ட இருந்து மருமோனுக்கு வாற வருத்தம்.”

ஐந்தாம் வகுப்புக் கூடப் படிக்காத அம்மா சொன்ன அந்த வசனத்தைத்தான் மாஸ்டர் நாற்பது நிமிடம் எடுத்துக் கரும்பலகையில் நிறுவியிருந்தார். தாய்க்குக் குறை தெரியாது. தாய் அதைச் சுமப்பாள். மகனில் அது வெளிவரும். எனக்கு மயிர் கூச்செறிந்தது. பாடப்புத்தகத்தில் இருந்த குடும்பம் எங்கள் குசினியில் மீன் வெட்டிக்கொண்டிருந்தது!

சிகரட் டின்

தங்கராசா மாமா துறைமுக லாஞ்சியில் கயிறு போடுபவர். கரையிலிருந்து தொழிலாளரை ஏற்றிக்கொண்டு போய், நடுவில் நங்கூரம் போட்டு நிற்கும் கப்பல்களில் இறக்குகிற லாஞ்சி. பதினான்கு வருடம் கயிறு போட்டிருந்தார். லாஞ்சியை ஓட்டிய கிழச் சுக்கானி பென்சனில் போகிறார். அந்த இடம் தங்கராசாவுக்குத்தான் என்று லாஞ்சிக்காரர் எல்லாரும் சொன்னார்கள். மாமி ஒழுங்கை முழுக்கச் சொல்லி முடித்திருந்தார்.

ஒரே ஒரு தடை. சுக்கானியாக வருபவருக்கு நிறப் பரீட்சை இருந்தது.

ஒரு பின்னேரம் இறங்குதுறையில் மாமாவைப் பிடித்தேன். ஈரக் கயிறும் டீசலும் மணந்தன. என் கேள்வியைக் கேட்டதும் மாமா சுற்றிவரப் பார்த்தார்.

“கொம்மா சொன்னவவோ?”

மாமா அம்மாவை அப்படித்தான் சொல்வார்.

“படிப்புக்கு மாமா.”

“படிப்புக்கெண்டா சரி. வேற ஒருத்தருக்கும் சொல்லாதை. எனக்குச் சிவப்பும் பச்சையும் ஒரே சேறு, மருமோன்.”

“அப்ப வழிகாட்டுற சிவப்பு, பச்சை மிதவையளை எப்பிடிக் கண்டுபிடிக்கிறியள்?”

“ஒண்டுக்குத் தட்டைத் தலை, மற்றதுக்குக் கூர்த் தலை. நிறம் ஆருக்கு வேணும்?”

“பரீட்சை?”

மாமா சிரித்தார். கந்தோரில் ஒரு கிளாக்கர் இருந்தாராம். பழைய சிகரட் டின் ஒன்றுக்குள் கொடித்துணித் துண்டுகள் ஐந்து வைத்திருப்பாராம். ஒவ்வொன்றாகத் தூக்கிக் காட்டி நிறம் கேட்பார். எத்தனையோ வருடமாக அதே டின், அதே ஒழுங்கு. லாஞ்சிக்காரர் எல்லாருக்கும் அது பாடம்.

“சிவப்பு, பச்சை, பச்சை, வெள்ளை, சிவப்பு” என்று மாமா தேவாரம் போலச் சொல்லிக் காட்டினார்.

அந்தக் கிழமைதான் மாஸ்டர் ஒரு வெளிநாட்டுச் சஞ்சிகையை வகுப்பில் வாசித்திருந்தார். அமெரிக்காவில் ஜீன் என்னும் பரம்பரையலகை வெட்டி எடுத்து வேறோர் உயிரில் ஒட்டுகிறார்களாம். எனக்குள் அடக்க முடியாமல் கிடந்த அந்தச் செய்தியை மாமாவுக்குச் சொன்னேன். வருங்காலத்தில் இப்படியான குறைகளை வேரோடு மாற்றலாம் என்று ஒரு பிரசங்கமே செய்தேன்.

மாமா கவனமாகக் கேட்டார்.

“அந்த வெட்டி ஒட்டிற ஆக்கள் கொழும்பில இருக்கினமோ?”

“இல்லை மாமா. இப்ப பற்றீரியாவில மட்டும்தான் செய்யினம். மனிசரில செய்யக் கனகாலம் எடுக்கும்.”

“அப்ப சரிவராது. பரீட்சைக்கு இன்னும் மூண்டு கிழமைதான் கிடக்கு.”

பெயர் எழுதிய பிழை

இனி என் பிழையைச் சொல்கிறேன்.

இப்படியான படத்தில் பெயர் எழுதத் தேவையில்லை. ஒன்று, இரண்டு, மூன்று என்று இலக்கம் போட்டால் போதும். அது எனக்குத் தெரியும். ஆனால் எங்கள் குடும்பத்தில் அரசாங்கச் சம்பளம் எடுத்த ஒரே ஆள் தங்கராசா மாமா. மற்ற ஆண்கள் எல்லாரும் கடல். பட்டணத்துப் பிள்ளைகளின் தகப்பன்மார் கிளாக்கர், கங்காணி, அப்போதிக்கரி என்று இருக்கையில், நான் மட்டும் ‘ஆண், இரண்டாம் தலைமுறை, இலக்கம் ஐந்து’ என்று எழுதிவிட்டுச் சும்மா இருப்பதா? பென்னம்பெரிய எழுத்தில் ‘துறைமுக லாஞ்சி’ என்று எழுதினேன். எழுதும்போது நெஞ்சு நிமிர்ந்தது.

உறவு முறையை எழுத எனக்குத் தெரிந்த ஒரே நடை வானொலி மரண அறிவித்தல். தினமும் கேட்டு வளர்ந்த தமிழ் அது. ஆகையால் ‘அன்னாரின்’, ‘பாசமிகு’, ‘அருமைச் சகோதரியும்’ எல்லாம் படத்துக்குள் வந்துவிட்டன. இரவல் இந்தியன் மையில் எழுதி முடித்து, அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன்.

அம்மா தலையில் கைவைத்தார்.

“உயிரோட இருக்கிற என்ர தம்பிக்குச் செத்தவீட்டு அறிவித்தல் எழுதிப் போட்டியே! ஈமக்கிரியை எத்தினை மணிக்கெண்டும் போடன்!”

‘அன்னாரின்’ எல்லாவற்றையும் சுரண்டி அழித்தேன். மாமாவின் பெயரை அழிக்க வேண்டும் என்று எனக்கும் தோன்றவில்லை, அம்மாவுக்கும் தோன்றவில்லை. எழுத்து வாசிக்கத் தெரிந்தவனுக்கும் தெரியாதவருக்கும் ஒரே மாதிரி மூளை வேலை செய்த இடம் அது. பள்ளிக்கூடத்துச் சுவருக்கும் துறைமுகத்துக் கந்தோருக்கும் நடுவில் ஒரு மைல்தான் தூரம் என்பதை நான் நினைக்கவேயில்லை. ஒருவருக்கும் சொல்லாதே என்றுதான் மாமா சொல்லியிருந்தார். எழுதியது சொன்னதாகாது என்று நினைத்தேனோ என்னவோ.

பிரதம விருந்தினர் யார் என்பது கண்காட்சிக்கு முதல் நாள்தான் எங்களுக்குத் தெரிந்தது. அப்போது கூட எனக்கு வந்தது பெருமைதான். எங்கள் மாமாவின் பெரிய துரை வந்து எங்கள் மாமாவின் பெயரை வாசிக்கப் போகிறார்!

விரல் நின்ற இடம்

அவர் வாசித்தார். “இது ஆர் தம்பி, இந்தத் தங்கராசா?” என்று கேட்டார்.

அந்தக் கணத்தில்தான் எனக்கு எல்லாம் விளங்கியது. போர்மலின் மணமும் எரிமலைப் புகையும் ஒன்றாகத் தொண்டைக்குள் போயின. மாமாவின் பரீட்சைக்கு நான்கு நாள் இருந்தது.

“எங்கட லாஞ்சியில இருக்கிற தங்கராசாவோ?”

“இல்லை சேர்.” என் குரல் எங்கோ கிணற்றுக்குள் இருந்து வந்தது. “இது உதாரணத்துக்குக் கீறினது. அப்பிடி ஒரு ஆள் இல்லை.”

“அப்ப இந்தக் கதிரவேலு?”

“அவரும் இல்லை சேர். எல்லாம் கற்பனை.”

நடேசன் மாஸ்டர் எனக்குப் பக்கத்தில் நின்றார். பத்து நிமிடத்துக்கு முன்புதான், “எங்கட பிள்ளை வீடு வீடாப் போய் எடுத்த மெய்யான தகவல்” என்று அவர் அதிகாரிக்குச் சொல்லியிருந்தார். அவருடைய முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை.

“மூண்டு கிழமையா எனக்குச் சொன்னதெல்லாம் பொய்யோடா?” என்றார்.

நான் தலையைக் குனிந்தேன். வாழ்க்கையில் அதுவரை நான் சொன்ன பொய்களில் அதுதான் பெரியது. அதற்காக அல்லாமல், நான் சொல்லவே சொல்லாத பொய்களுக்காக ஏச்சு வாங்கிக்கொண்டு நின்றேன்.

அதிகாரி மஞ்சள் அட்டையை எடுத்தார். “விஞ்ஞானத்தில கற்பனைக்குப் பரிசு இல்லை, தம்பி” என்று அமைதியாகச் சொல்லிவிட்டு, அதைப் பக்கத்து மேசை எரிமலைக்கு முன்னால் வைத்தார். எரிமலைக்காரன் வாயைப் பிளந்தான்.

“சேர், அதை எடுத்த இடத்தில வையுங்கோ.”

பின்னாலிருந்து வந்த குரல். வேலை முடிந்து, தலைக்கு எண்ணெய் வைத்து, வெள்ளை வேட்டியோடு தங்கராசா மாமா நின்றார். கொஞ்ச நேரமாகவே நின்றிருக்கிறார். தன்னுடைய பெயரைத் தூரத்திலிருந்து எழுத்துக் கூட்டிக்கொண்டிருந்திருக்கிறார்.

அதிகாரி திரும்பினார். “தங்கராசா!”

“ஓம் சேர். இதில கிடக்கிற தங்கராசா நான்தான். இந்தக் கறுத்தப் பெட்டி நான். மேல கிடக்கிறது எங்கட கதிரவேலு மாமா. பொடியன் ஒண்டும் கற்பனை பண்ணேல்ல. எனக்காகப் பயந்து பொய் சொல்லுறான்.”

அதிகாரி மேலே தொங்கிய அலங்காரக் கடதாசி ஒன்றைக் காட்டினார்.

“இது என்ன நிறம்?”

மாமா அண்ணாந்து பார்த்தார். நெடுநேரம் பார்த்தார்.

“சேர், சிகரட் டின் ஒழுங்கில கேட்டியளெண்டாச் சொல்லுவன். இப்பிடிக் கண்டபடி கேட்டா ஏலாது.”

யாரோ சிரித்தார்கள். பிறகு எல்லாரும் சிரித்தார்கள். அதிகாரிக்கும் உதடு துடித்தது. ஆனால் அவர் சிரிக்கவில்லை. மஞ்சள் அட்டையைத் திரும்ப எடுத்து வந்து என் படத்துக்கு முன்னால் நேராக வைத்தார். எனக்குக் கை தந்தார். மாமாவைப் பார்த்து, “திங்கட்கிழமை கந்தோருக்கு வாரும்” என்றார்.

நடேசன் மாஸ்டர் மாமாவுக்கு ஒரு கதிரை எடுத்துப் போட்டார். அன்று பின்னேரம் முழுக்க மாமா என் படத்துக்குப் பக்கத்தில் அமர்ந்து, வந்தவர்களுக்கெல்லாம், “இது நான்” என்று காட்டிக்கொண்டிருந்தார்.

அதற்குப் பிறகு

சுக்கானி வேலை வேறொருவருக்குப் போனது. சிகரட் டின்னும் அந்தக் கிழமையோடு ஓய்வு பெற்றது. புதிய முறைப் பரீட்சையில் வேறு இரண்டு பேரும் அகப்பட்டார்கள். அவர்கள் என்னைத் தேடுவதாக நசீர் வந்து சொன்னதால் நான் சில நாள் கடற்கரைப் பக்கம் போகவில்லை.

அதிகாரி செய்தது பிழை என்று நான் சொல்லமாட்டேன். கடலில் சிவப்பும் பச்சையும் விளையாட்டல்ல. ஆனால் புதுச் சுக்கானி, இரண்டு நிறமும் வடிவாகத் தெரிந்தவர், ஒரு மாதத்துக்குள் லாஞ்சியை இறங்குதுறைத் தூணில் இடித்தார் என்பதையும் இங்கே பதிய வேண்டும். இடித்தபோது முன்னால் கயிற்றோடு நின்றவர் தங்கராசா மாமா.

அம்மா ஒன்பது நாள் என்னோடு கதைக்கவில்லை. பத்தாம் நாள் ஞாயிற்றுக்கிழமை. “மாமாவிட்டப் போய் வா. அந்தப் பேப்பரையும் கொண்டுவரட்டாம்” என்றார்.

படத்தைச் சுருட்டிக்கொண்டு போனேன். மாமி என்னைக் காணாதவர் போல முற்றம் கூட்டினார். மாமா படத்தை வாங்கிக் கலண்டருக்குப் பக்கத்தில் ஆணி அடித்து மாட்டினார். தேத்தண்ணி வந்தது. கொண்டு வந்தவள் மாமாவின் ஒரே மகள் ராணி, எனக்கு முறை மச்சாள். என்னைவிட இரண்டு வயது இளையவள்.

நான் மன்னிப்புக் கேட்க வாய் திறந்தேன். மாமா கையைக் காட்டினார்.

“அதை விடு. ஒண்டு கேக்கிறன், உண்மையைச் சொல்லு. சின்னவனுக்கும் இது வருமோ?”

சின்னவன், அவருடைய ஐந்து வயது மகன், மணலில் குந்தியிருந்தான்.

“வராது மாமா.”

“எனக்காகச் சொல்லாதை.”

“சத்தியமா. தகப்பனிட்ட இருந்து மகனுக்கு எக்ஸ் நிறமூர்த்தம் போறதில்லை. அவனுக்கு நீங்கள் குடுத்தது மற்றது. அவன் விரும்பினாக் கப்பலே ஓட்டலாம்.”

மாமா கண்ணை மூடித் திறந்தார். பிறகு எழும்பிப் போய்ப் படத்தைப் பார்த்தார்.

“இது இதில எழுதிக் கிடக்கோ?”

“ஓம் மாமா. அவன்ர பெட்டி வெள்ளையாத்தானே கிடக்கு.”

“இதையெல்லோ நீ பெரிய எழுத்தில எழுதியிருக்கவேணும்!”

மாமி கூட்டுவதை நிறுத்திவிட்டு உள்ளே வந்தார். என்னுடைய தேத்தண்ணிக்குச் சீனி போடவில்லை என்பது அப்போதுதான் அவருக்கு நினைவு வந்தது போலும்; கரண்டியோடு வந்தார்.

ராணி மட்டும் இன்னும் படத்துக்கு முன்னால் நின்றாள். படிப்பில் கெட்டிக்காரி.

“அத்தான், அப்பம்மாவின்ர வட்டத்துக்குள்ள ஒரு புள்ளி வைச்சிருக்கிறியள். எனக்கும் ஒரு புள்ளி. வேற ஒருத்தருக்கும் இல்லை. அது என்ன?”

வட்டத்துக்குள் புள்ளி என்றால், அவளுக்குக் குறை இல்லை, ஆனால் அதைச் சுமக்கிறாள் என்று அர்த்தம். அவள் பெறப்போகும் மகன்களில் அது வெளிவரலாம். நடேசன் மாஸ்டர் அதைப் பரீட்சையில் பத்துப் புள்ளிக் கேள்வி என்பார். நான் இரண்டு பக்கத்தில் படத்தோடு எழுதுவேன்.

மாமா சின்னவனைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டிருந்தார். மாமி சீனியைக் கலக்கிக்கொண்டிருந்தார்.

“மை சிந்தினது” என்றேன்.

ராணி என்னைப் பார்த்தாள். பிறகு தகப்பனைப் பார்த்தாள். கண்காட்சியில் என் பொய்யைத் திருத்த முன்னுக்கு வந்த மனிதர், இந்த முறை வாயே திறக்காமல் தேத்தண்ணியை ஊதி ஊதிக் குடித்துக்கொண்டிருந்தார்.